கூகுள் கணக்கின் இருபடிச் சரிபார்ப்பு: எங்கே தடைபடுகிறது, எப்படிச் சரிசெய்வது

கடவுச்சொல் சரியாகத்தான் இருக்கிறது. அடுத்த திரை ஆறு இலக்கக் குறியீட்டைக் கேட்கிறது. கடவுச்சொல்லுக்குப் பிறகு இப்படி இரண்டாவதாக ஒரு சான்றும் கேட்பதுதான் இருபடிச் சரிபார்ப்பு. குறியீடு வரவில்லை, அல்லது வந்ததை இட்டால் தவறு என்கிறது. இந்த இடத்தில் பலர் பதறிப்போய் எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறிவிடுகிறார்கள், குறியீடு தரும் செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள், சிலர் போனையே ரீசெட் செய்துவிடுகிறார்கள். பத்து நிமிடத்தில் தீர வேண்டிய கோளாறு அதன் பிறகுதான் பல நாள் அவதியாக மாறுகிறது.

ஆகவே, கீழே சொல்லும் எதையும் தொடங்குமுன் ஒன்றைப் பாருங்கள். உங்கள் கணக்கு ஏற்கெனவே திறந்தபடி இருக்கும் சாதனம் ஏதாவது உண்டா? பழைய மடிக்கணினி, பிள்ளைகள் ஆன்லைன் வகுப்புக்கு வைத்திருந்த டேப்லெட், அலுவலகக் கணினியின் குரோம் என எதுவானாலும் சரி. அதில் வெளியேற வேண்டாம், குக்கீகளை அழிக்க வேண்டாம். கடவுச்சொல்லையும் இப்போது மாற்ற வேண்டாம். மாற்றினால் மற்றச் சாதனங்களில் திறந்திருக்கும் கணக்கு பெரும்பாலும் மூடிக்கொள்ளும். திறந்திருக்கும் அந்த ஒரு சாதனம் கையில் இருக்கும்வரை ஏறக்குறைய எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம். அதுவும் போய்விட்டால் காத்திருப்பதைத் தவிர அதிகம் செய்வதற்கில்லை.

கூகுள் கணக்கை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. மின்னஞ்சல், புகைப்படங்கள், தொடர்பு எண்கள் என நம்மில் பலருக்கு எல்லாமே அதில்தான் இருக்கின்றன. மற்றக் கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் மின்னஞ்சல்களும் அங்கேதான் வருகின்றன. அந்த ஒன்று பறிபோனால் வரிசையாகப் பலவும் பறிபோகும். செயலி தரும் குறியீடு பற்றி இங்கே சொல்வது பிற கணக்குகளுக்கும் அப்படியே பொருந்தும்.

“நான் இதை இயக்கவே இல்லை, ஆனாலும் குறியீடு கேட்கிறது”

யாரோ உங்கள் கணக்கில் புகுந்து மாற்றிவிட்டார்கள் என்று உடனே எண்ண வேண்டாம். 2021இல் கூகுள் தானாகவே 15 கோடிக்கும் மேற்பட்ட பயனர்களுக்கு இருபடிச் சரிபார்ப்பை இயக்கியது. அவர்களிடையே கணக்கு பறிபோவது பாதியாகக் குறைந்துவிட்டதாக 2022 பிப்ரவரியில் அறிவித்தது. உங்கள் கணக்கும் அப்படிச் சேர்க்கப்பட்டிருக்கலாம். இருபடிச் சரிபார்ப்பு இயக்கத்தில் இல்லாத கணக்கிலும், புதிய ஊரிலிருந்தோ புதிய கணினியிலிருந்தோ நுழைந்தால் கூடுதலாக ஒரு சரிபார்ப்பு நடப்பதுண்டு.

இதை அணைத்துவிடலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றே: வேண்டாம். வழிகளைச் சரியாக அமைத்துக்கொண்டால் இதனால் தொல்லை இல்லை.

எஸ்எம்எஸ் வரவே இல்லை

திரையில் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் தெரியும். முதலில் அவற்றைப் பாருங்கள். இரண்டு சிம் வைத்திருப்பவர்கள் ஒரு எண்ணைப் பதிந்துவிட்டு இன்னொன்றில் குறியீட்டைத் தேடிக்கொண்டிருப்பது நான் அடிக்கடி காண்கிற காட்சி. அந்த இரண்டாம் சிம் எப்போதோ ரீசார்ஜ் செய்ததோடு கிடக்கும். திட்டத்தின் காலம் முடிந்து சில நாள் ஆகிவிட்டால் வெளியே பேச முடியாதது மட்டுமல்ல, உள்ளே வரும் எஸ்எம்எஸ்ஸும் நின்றுபோகும். அப்படியானால் குறைந்த தொகைக்காவது ரீசார்ஜ் செய்துவிட்டு முயலுங்கள்.

சமீபத்தில் சிம் மாற்றினீர்களா? தொலைந்த சிம்முக்குப் பதிலாகப் புதியது வாங்கினாலும், பழைய சிம்மை மேம்படுத்தினாலும், இந்தியாவில் முதல் 24 மணி நேரத்துக்கு அந்த எண்ணில் எஸ்எம்எஸ் வராது, போகாது. தொலைத்தொடர்புத் துறை 2022இல் கொண்டுவந்த ஏற்பாடு இது. உங்கள் பெயரில் வேறொருவர் சிம் வாங்கிக் குறியீடுகளைக் கைப்பற்றுவதைத் தடுக்கத்தான் இந்தத் தடை. பேச முடிகிறது, இணையம் வருகிறது, எஸ்எம்எஸ் மட்டும் வரவில்லை என்றால் போனில் குறை தேட வேண்டாம். மறுநாள்வரை பொறுத்திருங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் மெசேஜஸ் செயலியில் ஸ்பேம் பகுதியைத் திறந்து பாருங்கள். கூகுள் அனுப்பும் குறியீடு பெரும்பாலும் ‘ஜி’ என்னும் ஆங்கில எழுத்து, ஒரு சிறு கோடு, ஆறு எண்கள் என்ற வடிவில் இருக்கும். கட்டங்களில் எண்களை மட்டும் இட்டால் போதும்.

‘மீண்டும் அனுப்பு’ பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். தாமதமாகக் கிளம்பிய நான்கைந்து செய்திகள் ஒன்றாக வந்து விழும். எது புதியது என்று தெரியாமல் பழையதை இட்டுவிட்டுத் தவறு என்பார்கள். அளவுக்கு மீறிக் கேட்டால் சில மணி நேரத்துக்கு அந்த வழியே அடைபட்டுவிடும். ஒருமுறை கேளுங்கள், சில நிமிடம் காத்திருங்கள், வந்தவற்றில் கடைசியாக வந்ததை இடுங்கள். அழைத்துச் சொல்லும் வழி திரையில் இருந்தால் அதையும் முயலலாம்.

வேலைக்காகச் சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ போயிருப்பவர்கள் இந்திய எண்ணையே பதிந்து வைத்திருப்பார்கள். ரோமிங் இயக்கத்தில் இல்லாவிட்டால் அங்கே எஸ்எம்எஸ் வந்து சேராது. வெளிநாட்டுக்குக் கிளம்புமுன்பே, போனிலேயே குறியீட்டை உருவாக்கித் தரும் செயலி முறைக்கு மாறிவிடுவதுதான் நல்லது.

பதிந்திருக்கும் எண்ணையே விட்டுவிட்டவர்கள் மட்டும் இதை அவசரமாகக் கொள்ள வேண்டும். இந்தியாவில் துண்டிக்கப்பட்ட எண் 90 நாளுக்குப் பிறகு வேறொருவருக்குப் போகலாம். அதன்பின் உங்கள் குறியீடு அவர் போனில் ஒலிக்கும். திறந்திருக்கும் சாதனத்திலிருந்து கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குப் போய், பழைய எண்ணை இன்றே நீக்குங்கள். இருபடிச் சரிபார்ப்புக்கான எண் ஓரிடத்திலும் கணக்கு மீட்புக்கான எண் வேறோரிடத்திலும் இருக்கும். இரண்டையும் பார்க்க வேண்டும்.

செயலி காட்டும் குறியீட்டை இட்டால் ‘தவறு’ என்கிறது

இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். உள்ளே நடப்பது புரிந்துவிட்டால் கோளாறு எங்கே என்பது தானாகவே தெரியும்.

கூகுள் ஆதென்டிகேட்டர் போன்ற செயலிக்கு யாரும் குறியீட்டை அனுப்புவதில்லை. க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்த அன்று ஒரு ரகசியச் சாவி உங்கள் போனுக்கு வந்துவிடுகிறது. அதே சாவி கூகுளிடமும் இருக்கிறது. 1970 ஜனவரி 1 முதல் இன்றுவரை எத்தனை 30 நொடிகள் கடந்தன என்று இரு பக்கமும் உலகப் பொது நேரப்படி கணக்கிடுகின்றன. அந்த எண்ணிக்கையையும் சாவியையும் சேர்த்து ஒரே கணிதச் செயல்முறையில் விட்டால் ஆறு இலக்கங்கள் கிடைக்கும். இரு பக்கமும் ஒன்றானால் உள்ளே விடும். 2011இல் ஆர்எஃப்சி 6238 என்ற பொது வரையறையாக வெளியான முறை இது. இதனால்தான் சிம் இல்லாமல், இணையம் இல்லாமல், விமானப் பயன்முறையில்கூட அந்தச் செயலி குறியீடு காட்டுகிறது.

ஆக, கணக்கில் சேர்வது இரண்டே பொருள்கள்: நேரமும் சாவியும். குறியீடு தவறு என்றால் இவ்விரண்டில் ஒன்று பிசகியிருக்கிறது.

நேரத்தை முதலில் பாருங்கள். போனின் அமைப்புகளில் தேதி, நேரம் பகுதிக்குப் போய், நேரமும் நேர மண்டலமும் தானாக அமையும்படி வையுங்கள். பொதுவாக மறுமுனை ஒரு 30 நொடி முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளும்; சில நிமிடம் தள்ளியிருந்தால் ஏற்காது. விளையாட்டில் அடுத்த வாய்ப்பு சீக்கிரம் கிடைக்க வேண்டும் என்று பிள்ளைகள் போனின் நேரத்தை முன்னே தள்ளி வைப்பதுண்டு. திரும்ப வைக்கும்போது ஐந்து நிமிடம் அப்படி இப்படி இருந்தாலும் யாரும் கவனிப்பதில்லை.

கண்ணுக்குத் தெரியாத பிசகு ஒன்றும் இருக்கிறது. துபாயிலிருந்து திரும்பியவர், போனின் நேர மண்டலத்தைத் துபாயிலேயே விட்டுவிட்டு, கடிகாரத்தை மட்டும் ஒன்றரை மணி நேரம் கூட்டி வைக்கிறார். சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டால் மணி சரியாக இருக்கும். ஆனால் உலகப் பொது நேரம் என்று போன் உள்ளே நினைத்துக்கொண்டிருப்பது ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடும். குறியீடு ஒருநாளும் பொருந்தாது. எனவே மணியை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாமல் மண்டலம் இந்தியா என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

நேரம் சரி என்றால் சாவிதான் பழையது. செயலியில் ஒரே மின்னஞ்சல் முகவரிக்கு இரண்டு வரிகள் இருக்கின்றனவா? முன்பு ஒருமுறை அமைத்து, பிறகு மறுபடி ஸ்கேன் செய்திருந்தால் அப்படி இருக்கும். புதிதாக அமைத்த கணமே பழைய சாவி செல்லாமல் போய்விடுகிறது, ஆனால் அந்த வரி செயலியில் இருந்துகொண்டு முப்பது நொடிக்கு ஒருமுறை பயனற்ற எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கும். இரண்டாவது வரியின் குறியீட்டை இட்டுப் பாருங்கள். நுழைந்த பிறகு, எது வேலை செய்தது என்று உறுதியாகத் தெரிந்த பிறகு மட்டுமே மற்றதை நீக்குங்கள். செயலியில் ஒரு வரியை நீக்கினால் இருபடிச் சரிபார்ப்பு அணைந்துவிடும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அணையாது. கணக்கு தொடர்ந்து குறியீடு கேட்கும். தருவதற்கு உங்களிடம் எதுவும் இருக்காது.

இரண்டும் சரியாக இருந்தும் ஏற்கவில்லை என்றால், பக்கத்தில் சுற்றும் சிறு வட்டம் தீரும் தறுவாயில் குறியீட்டைத் தட்டத் தொடங்குகிறீர்களா என்று பாருங்கள். புதிய எண் தோன்றும்வரை பொறுத்து, தோன்றியதும் இடுங்கள்.

க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் ஒன்றும் நடக்கவில்லை

கடையில் பணம் செலுத்தும் செயலியால் ஸ்கேன் செய்தால் எதுவும் நடக்காது. அது பணப் பரிமாற்றத்துக்கான க்யூஆர் குறியீட்டை மட்டுமே தேடும். ஆதென்டிகேட்டர் செயலியைத் திறந்து, அதிலுள்ள கூட்டல் குறியை அழுத்தி, அதன் கேமராவால்தான் ஸ்கேன் செய்ய வேண்டும்.

ஐபோனில் இன்னொரு குழப்பம். 2021இல் வந்த ஐஓஎஸ் 15 முதல் ஆப்பிளின் கடவுச்சொல் சேமிப்பிடமே இத்தகைய குறியீடுகளை உருவாக்கும். சாதாரணக் கேமராவால் ஸ்கேன் செய்தால் சாவி அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். ஆதென்டிகேட்டரில் காணவில்லையே என்று மறுபடி தொடக்கத்திலிருந்து அமைக்காதீர்கள். முதலில் பாஸ்வேர்ட்ஸ் செயலியில் தேடுங்கள்.

கணக்கைத் திறந்திருப்பதும் அதே போன், ஸ்கேன் செய்ய வேண்டியதும் அதே போன் என்றால், ‘ஸ்கேன் செய்ய முடியவில்லையா’ என்ற இணைப்பைத் தொடுங்கள். நீளமான ஒரு சாவி எழுத்துகளாகத் தோன்றும். அதை நகலெடுத்துச் செயலியில் ஒட்டலாம். கையால் தட்டுபவர்களுக்கு ஒரு துப்பு: அந்தச் சாவியில் ஆங்கில எழுத்துகளும் 2 முதல் 7 வரையிலான எண்களும் மட்டுமே வரும். 0, 1, 8, 9 வரவே வராது. பூச்சியம்போலத் தெரிவது ‘ஓ’ எழுத்துதான். இடைவெளிகளும் பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாடும் பொருட்டல்ல. வகையைக் கேட்டால் ‘நேரம் சார்ந்தது’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘எண்ணிக்கை சார்ந்தது’ என்று வைத்தால் குறியீடு ஒருபோதும் பொருந்தாது.

அந்தத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் படத்தொகுப்பில் போட்டு வைக்க வேண்டாம். அந்தப் படம் யார் கையில் கிடைத்தாலும் உங்கள் குறியீடுகளை அவர்களும் காலமெல்லாம் உருவாக்கிக்கொள்ளலாம்.

‘ஆம், நான்தான்’ என்று அழுத்தச் சொல்லும் அறிவிப்பு போனுக்கு வரவில்லை

இதற்கு அந்தப் போனில் அதே கணக்கு திறந்திருக்க வேண்டும், இணையம் இருக்க வேண்டும். பேட்டரி சேமிப்பு முறை அறிவிப்புகளை நிறுத்தி வைத்திருக்கலாம், அதை அணையுங்கள். ஜிமெயில் செயலியைக் கையால் திறந்தால் பல நேரம் அந்தக் கேள்வி அங்கே காத்துக்கொண்டிருக்கும். ஐபோனில் ஜிமெயில் செயலியோ கூகுள் செயலியோ நிறுவி, அதில் கணக்கைத் திறந்து வைத்திருந்தால்தான் வரும்.

அப்படியும் வராவிட்டால் ‘வேறு வழியில் முயலவும்’ என்பதைத் தொடுங்கள். ஆங்கிலத் திரையில் அது ‘ட்ரை அனதர் வே’ என்றிருக்கும். சிறிய எழுத்தில் கீழே ஒதுங்கிக் கிடப்பதால் பலர் கவனிப்பதே இல்லை. உங்கள் கணக்குக்கு அமைக்கப்பட்ட எல்லா வழிகளின் பட்டியலும் அதற்குள்தான் இருக்கிறது. அடைபட்டுவிட்டதாக நினைக்கும் ஒவ்வொருவரும் முதலில் அழுத்த வேண்டிய இணைப்பு அது.

புதிய போன் வாங்கியாகிவிட்டது. ஆதென்டிகேட்டர் வெறுமையாக இருக்கிறது

பழைய போன் இன்னும் கையில் இருக்கிறதா? இருந்தால் கவலை இல்லை. அதில் ஆதென்டிகேட்டரைத் திறந்து ‘கணக்குகளை மாற்று’ என்ற வசதியைத் தேர்ந்தெடுத்தால் ஒரு க்யூஆர் குறியீடு தோன்றும். புதிய போனின் ஆதென்டிகேட்டரால் அதை ஸ்கேன் செய்தால் எல்லா வரிகளும் வந்துவிடும். ஒவ்வொரு கணக்கிலும் ஒருமுறை நுழைந்து பார்க்கும்வரை பழைய போனை விற்கவோ அழிக்கவோ கூடாது. எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும் அவசரத்தில் கடைக்காரர் முன்னாலேயே ரீசெட் செய்துவிட்டு வருவதுதான் இந்தத் துன்பத்துக்கெல்லாம் தொடக்கம்.

பழைய போன் இல்லையென்றால், அதில் ஒத்திசைவு இயக்கத்தில் இருந்ததா என்பதே கேள்வி. 2023 ஏப்ரல் முதல் கூகுள் ஆதென்டிகேட்டர் தன் சாவிகளைக் கூகுள் கணக்கில் சேமிக்கக்கூடியது. புதிய போனில் அதே கணக்கோடு செயலியைத் திறந்தால் தாமாகவே வந்து சேரும். வரவில்லையென்றால் செயலியின் மேல்மூலையில் உள்ள படத்தைத் தொட்டு, எந்தக் கணக்கில் திறந்திருக்கிறது என்று பாருங்கள். இரண்டு மூன்று கூகுள் கணக்கு வைத்திருப்பவர்கள் பழைய போனில் ஒன்றிலும் புதிய போனில் இன்னொன்றிலும் திறந்துவிடுவார்கள். கணக்கை மாற்றினால் சாவிகள் தெரியும்.

ஆனால் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். அந்தக் கூகுள் கணக்குக்குள் நுழையவே ஆதென்டிகேட்டர் குறியீடு வேண்டும், அந்தக் குறியீட்டின் சாவியோ அதே கணக்கில் சேமித்திருக்கிறது என்றால், பீரோ சாவியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். மற்றக் கணக்குகளுக்கு ஒத்திசைவு பெரிய உதவி. கூகுள் கணக்குக்கு மட்டும் வெளியே வேறொரு வழி கட்டாயம் வேண்டும்.

ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டே இருக்கிறது

‘இந்தச் சாதனத்தில் மீண்டும் கேட்காதே’ என்று நீங்கள் தேர்ந்தெடுத்ததை உலாவி குக்கீயில்தான் நினைவில் வைத்திருக்கிறது. மூடும்போது குக்கீகளை அழிக்கும்படி வைத்திருந்தாலோ, மறைநிலைச் சாளரத்தில் திறந்தாலோ, துப்புரவு செய்யும் செயலி ஏதாவது ஓடினாலோ அது மறந்துபோகும். நெட் சென்டரிலும் பொதுக் கணினியிலும் அந்தப் பெட்டியை ஒருபோதும் தேர்ந்தெடுக்காதீர்கள்.

அலுவலக ஸ்கேனரும் பழைய மென்பொருளும் மின்னஞ்சல் அனுப்ப மறுக்கின்றன

ஆடிட்டர் அலுவலகங்களிலும் சிறு நிறுவனங்களிலும் வழக்கமாக வரும் சிக்கல் இது. ஸ்கேன் செய்ததை நேரே மின்னஞ்சலில் அனுப்பும் இயந்திரம், பில் போடும் மென்பொருள் ஆகியவற்றில் ஜிமெயில் முகவரியையும் கடவுச்சொல்லையும் பதிந்து வைத்திருப்பார்கள். வெறும் பெயரையும் கடவுச்சொல்லையும் மட்டும் வைத்து நுழையும் செயலிகளைத் தனிநபர் கணக்குகளில் கூகுள் 2022 மே 30 முதல் நிறுத்திவிட்டது. அந்த இயந்திரங்களுக்கு இரண்டாம் படி என்ற ஒன்றே தெரியாது.

அவற்றுக்காகவே செயலிக் கடவுச்சொல் என்ற வசதி இருக்கிறது. 16 எழுத்துகள் கொண்ட தனிக் கடவுச்சொல்லைக் கூகுளே உருவாக்கித் தரும். இயந்திரத்தில் உங்கள் வழக்கமான கடவுச்சொல்லுக்குப் பதில் இதை இடுங்கள். நடுவே தெரியும் இடைவெளிகள் தேவையில்லை. அந்தப் பகுதியே கண்ணில் படவில்லை என்றால், இருபடிச் சரிபார்ப்பு இன்னும் இயக்கப்படாமல் இருக்கலாம். அல்லது அது நிறுவனமோ பள்ளியோ கொடுத்த கணக்காக இருந்து நிர்வாகி அனுமதிக்காமல் இருக்கலாம். பாதுகாப்புச் சாவியை, அதாவது கணினியிலோ போனிலோ செருகும் சிறு கருவியை, மட்டுமே இரண்டாம் படியாக வைத்திருந்தாலும் அது தெரியாது.

நன்றாக ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று நின்றுவிட்டதா? யாராவது கணக்கின் முதன்மைக் கடவுச்சொல்லை மாற்றியிருப்பார்கள். மாற்றியவுடன் எல்லாச் செயலிக் கடவுச்சொற்களும் செல்லாமல் போகும். புதிதாக ஒன்றை உருவாக்கி இட வேண்டும். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனித்தனியாக உருவாக்குங்கள். ஓர் இயந்திரத்தை விற்கும்போது அதற்குரியதை மட்டும் நீக்கிவிடலாம்.

நான் எதுவும் செய்யவில்லை. ஆனால் அனுமதி கேட்டு அறிவிப்பு வருகிறது

இந்தப் பட்டியலில் கோளாறு அல்லாதது இது ஒன்றுதான். உங்கள் கடவுச்சொல் யாருக்கோ தெரிந்திருக்கக்கூடும். இருபடிச் சரிபார்ப்புதான் அவரை வாசலில் நிறுத்தியிருக்கிறது.

‘இல்லை’ என்பதை அழுத்துங்கள். பத்து முறை வந்தாலும் பத்து முறையும் ‘இல்லை’தான். 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் புகுந்தவர் இதையே ஆயுதமாக்கினார். நிறுவனத்துக்காக ஒப்பந்தத்தில் பணியாற்றிய ஒருவரின் கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப அனுமதி கேட்க, அவர் கடைசியில் ஒன்றை ஏற்றுவிட்டார்.

பிறகு கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள். கடவுச்சொல்லை மாற்ற வேண்டாம் என்று தொடக்கத்தில் சொன்னது இந்த நிலைக்குப் பொருந்தாது. அதே கடவுச்சொல்லை வேறெங்கு வைத்திருந்தாலும் அங்கும் மாற்றுங்கள். கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் ‘உங்கள் சாதனங்கள்’ பட்டியலைப் பார்த்து, தெரியாதவற்றை வெளியேற்றுங்கள்.

கேட்காத குறியீடு எஸ்எம்எஸ்ஸில் வந்து, அதைத் தொடர்ந்து யாராவது அழைத்து ‘தவறுதலாக உங்களுக்கு வந்துவிட்டது, சொல்லுங்கள்’ என்றால் அழைப்பைத் துண்டியுங்கள். கூகுளோ வங்கியோ காவல்துறையோ குறியீட்டைக் கேட்டு அழைப்பதில்லை. சொல்லிவிட்டீர்கள், பணமும் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

குறியீட்டைத் தட்டச்சு செய்ய வைக்கும் எந்த முறையையும் போலிப் பக்கம் வைத்து ஏமாற்ற முடியும். பாஸ்கீயும் (கடவுச்சொல்லுக்குப் பதிலாக உங்கள் சாதனத்தின் பூட்டைத் திறந்தே நுழையும் முறை) பாதுகாப்புச் சாவியும் மட்டும் உண்மையான தள முகவரியோடு கட்டப்பட்டவை. போலிப் பக்கத்தில் அவை இயங்கவே இயங்கா. 2023 மே முதல் கூகுள் கணக்குகளில் பாஸ்கீ கிடைக்கிறது. கைரேகையோ போனின் திரைப்பூட்டோ போதும். வயதான பெற்றோருக்கு அமைத்துக் கொடுப்பதானால் நான் முதலில் தேர்ந்தெடுப்பது இதைத்தான். அவர்கள் எதையும் படித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே எதையும் யாரிடமும் சொல்லிவிடவும் முடியாது.

போன் தொலைந்துவிட்டது, எந்த வழியும் இல்லை

இருக்கிறதா என்று தேடும் வரிசையைச் சொல்கிறேன்.

முதலில் காப்புக் குறியீடுகள். எட்டு இலக்கம் கொண்ட பத்துக் குறியீடுகள் ஒரு தொகுப்பாகக் கிடைக்கும். ஒவ்வொன்றும் ஒருமுறை மட்டுமே செல்லும். எப்போதோ பதிவிறக்கியிருக்கலாம், நினைவில்லாமல் போயிருக்கும். கணினியின் பதிவிறக்கக் கோப்புறையில் ‘பேக்கப் கோட்ஸ்’ என்று ஆங்கிலத்தில் தொடங்கும் உரைக்கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அச்சிட்ட தாள் பத்திரங்களோடு கிடக்கிறதா என்றும் பாருங்கள். புதிய தொகுப்பு ஒன்றை உருவாக்கியிருந்தால் பழைய தாள் செல்லாது.

அடுத்து, தொலைந்த எண்ணையே திரும்பப் பெறுவது. அடையாள ஆவணத்தோடு உங்கள் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கடைக்குப் போனால் அதே எண்ணில் வேறு சிம் தருவார்கள். மேலே சொன்ன 24 மணி நேரம் கழித்து எஸ்எம்எஸ் வரத் தொடங்கும். போன் தொலைந்த பதற்றத்தில் பலரும் புது எண் வாங்கிவிடுகிறார்கள். வேண்டாம், கணக்கைத் திறக்கும் எண் பழையதுதான்.

திறந்திருக்கும் சாதனம் இருந்தால், அதிலிருந்து பாதுகாப்புப் பகுதிக்குப் போங்கள். கடவுச்சொல்லை மறுபடி கேட்கும். சில நேரம் இரண்டாம் படியையும் கேட்கும். உள்ளே விட்டால் புதிய எண்ணைச் சேர்த்து, காப்புக் குறியீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். தொலைந்த போனை அதே இடத்திலிருந்து கணக்கைவிட்டு வெளியேற்றிவிடலாம்.

இவை எதுவும் கைகொடுக்கவில்லை என்றால் கடைசி வழி, கூகுளின் கணக்கு மீட்புப் பக்கம். அங்கே நீங்கள் சொல்லும் பதில்களை மட்டுமல்ல, எங்கிருந்து கேட்கிறீர்கள் என்பதையும் பார்க்கிறார்கள். வழக்கமாகப் பயன்படுத்திய கணினி, வழக்கமான உலாவி, வீட்டு வைஃபை ஆகியவற்றிலிருந்தே முயலுங்கள். பழைய கடவுச்சொல் எது நினைவிருந்தாலும் அதைச் சொல்லுங்கள். தெரியவில்லை என்று தாண்டிப்போக வேண்டாம். கேள்விகளுக்குப் பிறகு சில நாள் பொறுக்கச் சொன்னால் பொறுத்திருங்கள். மீட்பு எண்ணைச் சமீபத்தில் மாற்றியிருந்தால், முந்தைய எண்ணுக்கும் 7 நாள்வரை குறியீடு அனுப்பும் வழியைக் கூகுள் காட்டக்கூடும். அந்தப் பட்டியலையும் பாருங்கள்.

பணம் கொடுத்தால் கணக்கை மீட்டுத் தருவதாகச் சமூக ஊடகங்களில் சொல்பவர்கள் அத்தனை பேரும் ஏமாற்றுக்காரர்களே. அவர்களுக்கு உள்ளே எந்த வழியும் கிடையாது. உங்களிடம் மிஞ்சியிருக்கும் தகவல்களையும் பறித்துக்கொள்வார்கள்.

உள்ளே நுழைந்துவிட்டீர்களா? அஞ்சல்களைப் படிக்குமுன் பாதுகாப்புப் பகுதிக்குப் போங்கள். புதிய காப்புக் குறியீடுகளை உருவாக்கி இரண்டு தாள்களில் அச்சிடுங்கள். ஒன்று வீட்டில் முக்கிய ஆவணங்களோடு இருக்கட்டும். இன்னொன்று நீங்கள் முழுமையாக நம்பும் ஒருவரிடம், வேறு வீட்டில் இருக்கட்டும். இப்போதைய எண்ணையும் மீட்பு மின்னஞ்சலையும் சரிபாருங்கள். ஆதென்டிகேட்டரைப் புதிதாக அமையுங்கள். பாஸ்கீ ஒன்றைச் சேருங்கள். பிறகு, இந்தச் சாளரத்தை மூடாமல், மறைநிலைச் சாளரம் ஒன்றைத் திறந்து, கடவுச்சொல்லும் புதிய குறியீடும் கொடுத்து ஒருமுறை நுழைந்து பாருங்கள். அது உள்ளே விட்ட பிறகே முதல் சாளரத்தை மூடுங்கள்.